மொய்யாக வந்த மென்பொருள்

போன வாரம் கடைத்தெருவில் பழைய அலுவலக நண்பர் ஒருவரைப் பார்த்தேன். "என்ன சார், இந்த வயசுல லினக்ஸ், சர்வர்னு ஏதோ நோண்டிக்கிட்டு இருக்கீங்களாமே? காசு குடுத்து ஒண்ணு வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சது இல்லையா?" என்று கேட்டார். காபி ஆறுவதற்குள் அதற்குப் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

காசு கொடுத்து வாங்கிப் போட்ட கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு படிப்பகம் இருக்கிறது. தறி வேலை முடிந்த நெசவாளர்கள் நாளிதழ் படிக்க ஓர் அறை எடுத்து ஆரம்பித்தது. பிறகு ஆளாளுக்குப் புத்தகம் கொடுக்க, இன்று நாலாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நன்கொடை திரட்டி, வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் நூலக மென்பொருள் வாங்கினோம். விலை போக வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. கணினியின் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டு செருகியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மென்பொருள் திறக்காது.

தெருவில் ஒரு பெண், தினமும் மாலையில் வந்து புத்தக விவரங்களைத் தட்டச்சு செய்தாள். சம்பளம் கிடையாது. இரண்டு வருடம் அப்படி உழைத்தாள். ஒரு மழைநாளில் மின்சாரம் ஏறி இறங்கியதில் அந்தப் பூட்டு செத்தது. நிறுவனத்தின் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது. கணினியின் ஹார்டு டிஸ்க் நன்றாகவே இருந்தது. எங்கள் விவரங்களும் அதற்குள் பத்திரமாகத்தான் இருந்தன. படிக்க மட்டும் வழியில்லை. நம் வீட்டு நெல்லை நம் வீட்டுக் குதிரில் கொட்டிவிட்டு, சாவியை அயலூர்க்காரன் கையில் கொடுத்த கதையாக ஆயிற்று.

அந்தப் பெண் கல்யாணமாகிச் செய்யாறு போய்விட்டாள். ஊருக்கு வரும்போதெல்லாம், "நான் அடிச்சதெல்லாம் இருக்கா மாமா?" என்று கேட்பாள். "இருக்கும்மா" என்பேன். அது பொய்யுமில்லை, உண்மையுமில்லை.

பழைய வாசகர்களுக்கு என் கதை தெரியும். புதியவர்களுக்காக இரண்டு வரி. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பு முடித்தவன். அப்பா காலமான பிறகு அம்மாவோடு தாய்மாமன் ஊரான ஆரணிக்கு வந்து, ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிக் கற்று, தேர்வு எழுதிக் கருவூலத்தில் சேர்ந்தேன். கணினி என் மேசைக்கு வந்தது ஓய்வு பெறும் வயதை நெருங்கும்போதுதான். ஆகவே நான் நிபுணன் கிடையாது. குமாஸ்தாவின் கண்ணோடு பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சில் அந்தக் குழப்பம் இல்லை. காசில்லாமல் கிடைப்பது 'கிராத்துயி'. யாருக்கும் கட்டுப்படாதது 'லீப்ர்'. இந்த வகை மென்பொருளுக்கு அங்கே 'லீப்ர்' என்ற சொல்லைத்தான் வைத்தார்கள். தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று நம் பிள்ளைகள் வைத்த பெயர் அதற்குச் சமமான அழகு. ஆனால் பேச்சு வழக்கில் நாம் அதை 'இலவச சாஃப்ட்வேர்' ஆக்கிவிட்டோம். இலவசம் என்றால் நமக்கு வரிசையில் நின்று வாங்கி வந்து மூலையில் வைக்கிற பொருள். அந்த நினைப்போடு போனால் முதல் நாளே ஏமாற்றம்தான்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது 'கோஹா' என்ற மென்பொருள். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்று ஒரு வட்டாரம். அங்கே சில சிறிய நூலகங்களை அப்போது ஓர் அறக்கட்டளை நடத்திவந்தது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய கணினிகள் தேதி குழம்பி நின்றுவிடும் என்று உலகமே பயந்தது நினைவிருக்கும். அவர்களுடைய பழைய மென்பொருளுக்கும் அந்தக் கண்டம் இருந்தது. 1999-இல் 'கட்டிப்போ' என்ற உள்நாட்டு நிறுவனத்திடம் புதிதாக எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரியில் அது ஓட ஆரம்பித்தது. அதோடு நிற்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். இன்று நம் நாட்டிலும் டெல்லி பொது நூலகம், கேரளக் கல்லூரிகள் பல என்று எத்தனையோ இடங்களில் அது ஓடுகிறது.

கோஹா என்பது அங்குள்ள மவோரி மக்களின் சொல். அன்பளிப்பு என்று பொருள். ஆனால் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற அன்பளிப்பு அதில் சேராது. திருப்பிச் செய்யும் கடமையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறதாம். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குத்தானே நம் ஊரில் மொய் என்று பெயர்! கல்யாண வீட்டில் வாங்கும்போது யாரும் கணக்குப் பேசுவதில்லை. ஆனால் நோட்டில் எழுதி வைக்கிறோம். அவர் வீட்டு விசேஷத்துக்கு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

உண்மையைச் சொன்னால் என் மனசு முதலில் 'பி.எம்.பி.' என்ற வேறொன்றின் மேல்தான் இருந்தது. அது 2002-இல் பிரான்சில் ஒரு நூலகர் தொடங்கியது. பள்ளிப் பாசம்! பக்கத்து வீட்டு நெசவாளர் மகன், கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவன், "தாத்தா, நாளைக்கு ஏதாவது நின்னு போச்சுன்னா கேக்கறதுக்கு இங்க ஆள் வேணாமா?" என்றான். நியாயமான கேள்வி. பாசத்தை ஒதுக்கி வைத்தேன்.

நண்பர் ஒருவர் கொடுத்த பழைய கணினியில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டோம். அதுவரை தடையில்லை. கோஹாவை ஏற்றத் தொடங்கியதும் ஒன்றன் பின் ஒன்றாக நான்கு இடத்தில் நின்றது. அந்த நான்கையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதல் தடை. கோஹாவுக்கென்று இணையத்தில் ஒரு களஞ்சியம் இருக்கிறது. அதன் முகவரியை நம் கணினிக்குச் சொல்லிவிட்டால் அங்கிருந்து அதுவே இறக்கிக்கொள்ளும். சொன்னோம், மறுத்துவிட்டது. "நெட்டு சரியில்ல போல தாத்தா" என்றான் பையன். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். இந்தக் களஞ்சியத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கச் சாவி இல்லை என்று எழுதியிருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. கருவூலத்தில் பில் வந்தால், கையெழுத்துப் போட்ட அலுவலரின் மாதிரிக் கையொப்பம் எங்களிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்சியரே அனுப்பிய பில்லாக இருந்தாலும் பணம் கொடுக்க மாட்டோம். அதே கதைதான். பையன் பார்த்த பழைய வீடியோவில் அந்தச் சாவியைச் சேர்க்கும் முறை பழையது. இப்போது சாவியைத் தனிக் கோப்பாக வைத்து, அது எங்கே இருக்கிறது என்று களஞ்சிய முகவரியோடு குறிப்பிட வேண்டும். கோஹாவின் கையேட்டில் அப்படித்தான் இருந்தது. செய்தோம், இறங்கியது.

இரண்டாம் தடை. நம் நூலகத்துக்கென்று ஒரு தளத்தை உருவாக்கும் கட்டளையை அடித்தால் பாதியில் நின்றது. பையன் மறுபடி வீடியோ தேடப் போய்விட்டான். ஒரு மணி நேரம் போயிற்று. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையைப் படித்தேன். அபாச்சியில், அதாவது பக்கங்களை நமக்கு எடுத்துக் கொடுக்கும் மென்பொருளில், 'ரீரைட்' என்ற பகுதி இயங்க வேண்டும் என்றிருந்தது. அதை இயக்க என்ன கட்டளை அடிக்க வேண்டும் என்பதும் அடுத்த வரியிலேயே இருந்தது! அடித்தோம். மறுபடி நின்றது. இந்த முறை 'சி.ஜி.ஐ.' என்ற இன்னொரு பகுதியைக் கேட்டது. ஒரே பில்லில் இரண்டு ஆட்சேபணை இருந்தால் ஒரே முறையில் எழுதாமல் ஒவ்வொன்றாக எழுதித் திருப்பி அனுப்புகிற பாவத்தை நாங்களும் செய்திருக்கிறோம். அதனால் கோபம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கருவூலத்தில் முப்பது வருடம் ஆட்சேபணைக் குறிப்பு எழுதியவன் நான். அதைப் படித்துவிட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். பெரும்பாலோர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏன் சார் திருப்பிட்டீங்க?" என்றுதான் கேட்பார்கள். காரணம் அவர்கள் கையிலேயே இருக்கும். இன்று பிள்ளைகள் திரையில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் அதை மூடிவிட்டு வேறெங்கோ பதில் தேடுகிறார்கள். கணினி தன் பாஷையில் ஆட்சேபணை எழுதுகிறது. முதல் வரியிலிருந்து பொறுமையாகப் படித்தால் பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது.

மூன்றாம் தடை சின்னது. எல்லாம் முடிந்தது என்று உலாவியைத் திறந்தால் கோஹாவைக் காணோம். அபாச்சியின் வரவேற்புப் பக்கம் வந்து நின்றது. கோஹாவுக்கு இரண்டு வாசல். ஒன்று வாசகர் தேடுவதற்கு, மற்றது நூலகர் வேலை செய்வதற்கு. நூலகர் வாசலுக்கு நாங்கள் கொடுத்த எண் 8080. அந்த எண்ணிலும் காது கொடுத்துக் கேள் என்று அபாச்சிக்குச் சொல்ல மறந்திருந்தோம். கவுண்டருக்குப் பலகை மாட்டிவிட்டு உள்ளே ஆளை உட்கார வைக்காத கதை. ஒரு வரி சேர்த்து, அந்த வரவேற்புப் பக்கத்தையும் நிறுத்தியதும் திறந்துகொண்டது.

நான்காம் தடைதான் எங்களைப் படுத்தி எடுத்தது. அறுபது புத்தகங்களைத் தமிழில் ஏற்றினோம். பட்டியலில் தலைப்புகள் பளிச்சென்று தெரிந்தன. தேடல் பெட்டியில் 'பொன்னியின் செல்வன்' என்று அடித்தால் அப்படி எதுவும் இல்லை என்றது. அலமாரியில் ஐந்து பாகமும் எதிரே நின்று சிரிக்கின்றன! இதில் கொடுமை என்னவென்றால் சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கணினி தப்பான பதிலைச் சொல்கிறது. ஆட்சேபணையே எழுதாமல் பில்லைத் தொலைத்துவிடும் குமாஸ்தா மாதிரி.

இரண்டு மாலை போயிற்று. பையன் வெறுத்துப்போய், "எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து போட்டுடலாம் தாத்தா" என்றான். டீ கொண்டுவந்த அவன் அப்பா கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முழுக்கப் பட்டு நெசவே தொழிலாகக் கொண்டவர். "கரையில ஒரு பூ தப்பா விழுந்தா தறியையா பிரிப்பாங்க? எந்த அட்டையில ஓட்டை தப்பாப் போயிருக்குன்னு பாரு. அந்த அட்டைய மாத்து" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லியோன் நகரத்துக்காரர் 1804-இல் செய்த அந்தத் தறிப் பெட்டியைப் பற்றி நான் பள்ளியில் படித்திருக்கிறேன். பிரெஞ்சில் கடைசி எழுத்தை விழுங்கி 'ஜக்கார்' என்போம். எங்கள் தெருவில் ஜக்கார்டு. ஓட்டை போட்ட அட்டை சொல்கிறபடி இழை மேலே போகும், கீழே நிற்கும். அந்த யோசனையை வைத்துத்தான் 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கையே அட்டையில் ஓட்டை போட்டு எண்ணினார்கள். கணினிக்கு அது ஒரு பாட்டன் முறை. அந்தப் பாட்டனோடு தினமும் உட்கார்ந்து வேலை செய்கிறவர் சொல்வதைக் கேட்காமல் இருக்கலாமா?

அழிக்கவில்லை. எது சரி, எது தப்பு என்று பிரித்தோம். ஏற்றியது சரி, சேமித்தது சரி, காட்டுவது சரி. ஆங்கிலத் தலைப்பைத் தேடினால் கிடைக்கிறது. தமிழைத் தேடினால்தான் இல்லை. ஆகத் தப்பு தேடலுக்கான அகரவரிசையில். அதைத் தயாரிப்பது 'ஜீப்ரா' என்ற தனி மென்பொருள், டென்மார்க்கில் பிறந்தது. அதற்கு முதலில் கொடுத்திருக்கும் எழுத்து அட்டவணை ரோமன் எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தது. நம் எழுத்துகளுக்கு அது போதாது. உலக மொழிகளை எல்லாம் பிரித்தறியும் 'ஐ.சி.யு.' என்ற ஏற்பாடும் கூடவே இருக்கிறது. ஓர் அமைப்புக் கோப்பில் சில வரிகளை மாற்றி, பழையதற்குப் பதில் இதைப் பயன்படுத்து என்று சொல்ல வேண்டும். பிறகு அகரவரிசையை முழுவதும் புதிதாகக் கட்டச் சொல்ல வேண்டும்.

இதை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. வேறோர் இந்திய மொழிக்காக, முகம் தெரியாத ஒரு நூலகர் எழுதி வைத்த நாலு வரிக் குறிப்பில் இருந்தது. அவர் தன் வேலை முடிந்ததும் கணினியை மூடிவிட்டுப் போயிருக்கலாம். எழுதிவிட்டுப் போனார். அந்த இரவு 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் வரிசையாகத் திரையில் வந்து நின்றபோது, மொய் வைத்தவரின் பெயர் தெரியாத சங்கடம் எனக்கு.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன்.

காசு கொடுத்து வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. வேலை செய்கிறவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். கட்டற்ற மென்பொருளை நிறுவித் தருகிறவர்களுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். எனக்கு ஆகாதது, காசையும் கொடுத்துச் சாவியையும் கொடுப்பது. நம் மாநிலத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்கு மூல காரணமாக இருந்த சீர்காழிக்காரர் ரங்கநாதன், புத்தகம் பூட்டி வைக்கும் பொருள் இல்லை என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். புத்தகத்தைத் திறந்துவிட்டு அதன் பட்டியலைப் பூட்டி வைத்தால் அவர் ஒப்புவாரா? ஊர்ப் பணத்தில் நடக்கும் எந்த நூலகமும் மென்பொருள் வாங்குமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நாளைக்கே எங்கள் விவரம் முழுவதையும் நாங்களே வெளியே எடுக்க முடியுமா? நீங்கள் கடையை மூடினாலும் இது ஓடுமா? உங்களுக்குப் பதில் இன்னொருவரை வைத்து இதைப் பழுது பார்க்கலாமா? மூன்றுக்கும் 'ஆம்' வராவிட்டால் கும்பிடு போட்டுவிட வேண்டும்.

"நாலாயிரம் புத்தகத்துக்கு எதுக்கு இவ்வளவு? நோட்டு போதாதா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். நியாயம்தான். பழைய மென்பொருள் செத்தபோது எங்களைக் காப்பாற்றியது அந்த நீளக் கணக்குப் பதிவேடுதான். இப்போதும் அதைப் பார்த்துத்தான் ஏற்றுகிறோம். அதைத் தூக்கிப் போடவே கூடாது. ஆனால் பதிவேடு வாங்கிய வரிசையைத்தான் சொல்லும். சாயம் போடுவது பற்றி நம்மிடம் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று ஒருவர் வந்து கேட்டால், நாலாயிரம் வரியையும் புரட்ட வேண்டும். கேட்டவர் அதுவரை நிற்க மாட்டார்.

இன்னொரு பயம் எனக்கே உண்டு. பையன் வேலை கிடைத்துப் பெங்களூரு போய்விட்டான். எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. நாளை இது நின்றால் யார் பார்ப்பது? அதற்காகத்தான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எந்தத் தேதியில் எந்தக் கட்டளை, ஏன் அடித்தோம், கணினி என்ன சொன்னது, என்ன செய்ததும் சரியாயிற்று என்று கோப்புக் குறிப்பு மாதிரி எல்லாம் தமிழில். கோஹா தினமும் ராத்திரி ஒரு நகல் எடுத்து வைக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதும், வாரம் ஒருமுறை அதைப் பென் டிரைவில் எடுத்து வேறொரு வீட்டில் வைக்க வேண்டும் என்பதும் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. போளூர்ப் பக்கமிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வந்து அந்த நோட்டை நகல் எடுத்துப் போனார். தமிழ்த் தேடல் பக்கத்தை மட்டும் இரண்டு நகல். அந்த முகம் தெரியாத நூலகருக்கு நான் திருப்பி வைத்த மொய் அதுதான்.

ஆடிக்கு அந்தப் பெண் செய்யாறிலிருந்து வந்திருந்தாள். படிப்பகத்துக்குக் கூட்டிப் போய், பழைய கணினியில் இருந்ததை மீட்கவே முடியவில்லை என்ற உண்மையை முதல்முறையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இது போகாதில்ல மாமா?" என்று கேட்டாள். நோட்டைப் பிரித்து முதல் பக்கத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்தாள். பதிவேட்டை எடுத்துக் கொடுங்கள் என்றாள். ஊருக்குப் போகுமுன் நாற்பது புத்தகம் ஏற்றிவிட்டுத்தான் போனாள்.